ஆங்கில அருஞ்சொல்லின் பூர்வீகம் தேடுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

‘பாஷ்’ என்று ஒரு ஆங்கிலச் சொல் உண்டு. பகட்டான, பணக்காரத்தனமான என்று பொருள். அதற்கு ஒரு கதை இருக்கிறது, நானே பல வருடம் அதைக் கடைவிரித்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது இடப்பக்க அறையில் வெயில் குறைவு, ஊருக்குத் திரும்பும்போது வலப்பக்க அறையில் வெயில் குறைவு, அதனால் காசுள்ளவர்கள் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்று கேட்டு வாங்குவார்கள், அந்த நான்கு சொற்களின் முதல் எழுத்துகளை டிக்கெட்டில் முத்திரையாகக் குத்துவார்கள், அதுதான் பாஷ். கேட்கிறவர்கள் எல்லோரும் ‘அட!’ என்பார்கள். ஒரே ஒரு நண்பர் மட்டும் ‘அந்த டிக்கெட்டை யாராவது பார்த்திருக்கிறார்களா?’ என்று கேட்டார்.

தேடினேன். யாரும் பார்த்ததில்லை. அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. சொல் இந்தப் பொருளில் அச்சில் தென்படுவது 1910-களில். அந்தக் காலத்தில் அதை எழுதியவர்கள் கப்பலைப் பற்றி மூச்சுகூட விடவில்லை, கப்பல் கதை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அன்றையிலிருந்து ஒரு சொல்லுக்கு யாராவது கதை சொன்னால் நான் முதலில் கேட்பது தேதியைத்தான். எந்த வருடம், எந்தத் தாளில், யார் எழுதினார்? கீழே உள்ள எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கான வழிகள்தான். பணம் செலவில்லை, ஒரு நோட்டும் ஒரு போனும் போதும்.

முதலில் வாக்கியத்தைப் பிடியுங்கள்

தெரியாத சொல் கண்ணில் பட்டால் பலர் சொல்லை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். நான்கு நாள் கழித்து அதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. முழு வாக்கியத்தையும் எழுதுங்கள், அது எந்த வருடத்து எழுத்து என்பதையும் பக்கத்தில் போடுங்கள். வருடம் எதற்கு என்றால், சொல் அப்படியே இருக்க உள்ளிருக்கும் பொருள் இடம் மாறிவிடும். ‘நைஸ்’ என்ற சொல்லின் மூலம் ‘ஒன்றும் தெரியாதவன்’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது ‘முட்டாள்தனமான’ என்றுதான் பொருள்பட்டது, பிறகு ‘கூச்ச சுபாவமான’, ‘நுணுக்கமான’ என்று ஒவ்வொரு படியாக ஏறி இன்றைய ‘நல்ல’வுக்கு வந்திருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. பழைய பாட்டில் ‘நாற்றம்’ என்றால் நறுமணம், இன்று அதே சொல்லைப் பாராட்டாகச் சொல்லிப் பாருங்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் பிடிபடும். மூலப்பொருள் வேறு, இன்றைய பொருள் வேறு. ‘லத்தீனில் இது இப்படி, அதனால் நீங்கள் சொல்வது தப்பு’ என்று யாராவது சண்டைக்கு வந்தால் நைஸாக நகர்ந்துவிடுங்கள்.

பிறகு சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

நீளமான ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கத் துண்டுகளைக் கோத்துக் கட்டியவை. ‘டிஃபெனஸ்ட்ரேஷன்’ என்று ஒன்று இருக்கிறது. ‘ஃபெனஸ்ட்ரா’ என்றால் லத்தீனில் ஜன்னல், முன்னால் உள்ள ‘டி’ வெளியே என்ற பொருள் தருவது. ஆக, ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போடுவது. இதற்கெல்லாம் ஒரு சொல் தேவையா என்று தோன்றும், ஆனால் 1618 மே 23 அன்று பிராக் நகரக் கோட்டையில் இரண்டு அரசப் பிரதிநிதிகளையும் அவர்களுடைய செயலாளரையும் அப்படித்தான் வெளியே போட்டார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், ஐரோப்பாவில் முப்பது வருடப் போர் மூண்டது. ‘செஸ்குவிபிடேலியன்’ இன்னும் வேடிக்கை. ‘செஸ்குவி’ ஒன்றரை, ‘பெட்’ பாதம். ஒன்றரை அடி நீளம் என்று பொருள், நீளநீளமான சொற்களைக் கிண்டல் செய்ய ரோமானியக் கவிஞர் ஹோரஸ் சொன்னது. அந்தக் கிண்டலே இன்று ஒரு நீளமான சொல்லாக உட்கார்ந்திருக்கிறது.

‘பெட்ரிகோர்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும், முதல் மழைக்கு எல்லோரும் ஸ்டேட்டஸில் போடுவது. நாம் மண்வாசனை என்று சொல்லிவிட்டுப் போவதற்கு ஆங்கிலத்தில் 1964 வரை தனியாகப் பெயர் இல்லை. இசபெல் ஜாய் பேர், ஆர். ஜி. தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த வருடம் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார்கள். ‘பெட்ரா’ கிரேக்கத்தில் பாறை, ‘இக்கோர்’ கிரேக்கக் கடவுள்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடுவது. பிறந்த வருடமும் பெற்றவர்கள் பெயரும் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த சொற்கள் குறைவு.

ஆனால் பிரிப்பது மட்டும் போதாது. ‘அல்ட்ராக்ரெபிடேரியன்’ என்பதைப் பிரித்தால் ‘செருப்புக்கு அப்பால்’ என்று வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது, ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்தது. அப்பெல்லஸ் என்ற கிரேக்க ஓவியர் தன் படத்தை மக்கள் பார்வைக்கு வைத்துவிட்டு மறைவில் நின்று என்ன பேசுகிறார்கள் என்று கேட்பாராம். ஒரு செருப்புத் தொழிலாளி, படத்தில் செருப்பின் வார் சரியில்லை என்றார். ஓவியர் திருத்திவிட்டார். அந்தப் பெருமையில் மறுநாள் அந்தத் தொழிலாளி படத்தில் உள்ளவரின் காலையும் குறை சொல்ல, ‘செருப்புக்கு மேலே போகாதே’ என்றாராம் அப்பெல்லஸ். தனக்குத் தெரியாத துறையில் கருத்துச் சொல்பவரைக் குறிக்கும் இந்தச் சொல்லை 1819-இல் வில்லியம் ஹாஸ்லிட் என்ற எழுத்தாளர் வில்லியம் கிஃபோர்டு என்ற பத்திரிகை ஆசிரியரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினார். கிஃபோர்டு இளவயதில் உண்மையாகவே செருப்புத் தைக்கும் கடையில் வேலை பழகியவர். எவ்வளவு பொல்லாத குத்து பாருங்கள். துண்டுகளை மட்டும் பார்த்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

இன்னொரு ஆபத்து, ஆங்கிலச் சொல் போலவே தெரியும் துண்டுகள். ‘அவுட்ரேஜ்’ என்பதை ‘அவுட்’, ‘ரேஜ்’ என்று பிரிக்கத் தோன்றும். தப்பு. அது ‘அப்பால்’ என்ற பொருளுள்ள லத்தீன் ‘அல்ட்ரா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, கோபத்துக்கும் அதற்கும் பிறப்பில் சம்பந்தம் இல்லை. ‘கிரேஃபிஷ்’ஷில் மீன் இல்லை, ‘பென்ட்ஹவுஸ்’ஸில் வீடு இல்லை, ‘ஃபீமேல்’ என்ற சொல்லுக்குள் ‘மேல்’ இல்லை. எல்லாமே பிரெஞ்சுச் சொற்கள், ஆங்கிலேயர்கள் தங்கள் காதுக்குப் பழகிய ஓசைக்கு இழுத்து வைத்துக்கொண்டவை. அதனால் பிரித்ததை நோட்டில் பென்சிலால் எழுதுங்கள்.

அகராதியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

மெரியம் வெப்ஸ்டர் இலவசம், பல சொற்களுக்கு முதல் பயன்பாட்டு வருடத்தையும் தருகிறது. டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொகுத்த எட்டிம்ஆன்லைன் சொற்பிறப்புக்கென்றே உள்ளது. விக்‌ஷனரியும் நல்லதுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் ஒரு கண் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857-இல் யோசனை எழுந்து, 1884-இல் முதல் பகுதி வந்து, 1928-இல்தான் முடிந்த வேலை அது. ஊர் ஊராக வாசகர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்ப, ஜேம்ஸ் மரே என்ற ஆசிரியர் அவற்றை அடுக்கி அடுக்கி உருவாக்கினார். இன்றும் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வருட வரிசையில் மேற்கோள்கள் இருக்கும். சந்தா கட்ட வேண்டும் என்பதுதான் தொந்தரவு, பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பதிவைத் திறந்ததும் பொருளுக்கு ஓடாதீர்கள். முதலில் வருடம். அடுத்து சொல் வந்த பாதை, அதாவது ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து எடுத்தது, பிரெஞ்சு லத்தீனிலிருந்து எடுத்தது என்ற சங்கிலி. ஒரு வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, அறிஞர்கள் ஊகித்துக் கட்டியது. குத்துவாள் போன்ற குறி இருந்தால் சொல் வழக்கொழிந்துவிட்டது. ‘மூலம் தெரியவில்லை’ என்று போட்டிருந்தால் ஏமாறாதீர்கள், பெரும்பாலும் அதுதான் அந்தப் பக்கத்திலேயே நேர்மையான வரி.

கதை வந்தால் கை நீட்டாதீர்கள்

வாட்ஸ்அப்பில் சுற்றும் சொற்கதைகளில் பாதி, முதலெழுத்துச் சுருக்கம். கோல்ஃப் என்றால் ‘ஆண்கள் மட்டும், பெண்களுக்கு அனுமதியில்லை’ என்பதன் சுருக்கமாம். நியூஸ் என்றால் நான்கு திசைகளின் முதல் எழுத்தாம். ஒரு எளிய விதி வைத்துக்கொள்ளலாம்: முதலெழுத்துகளைச் சேர்த்துப் புதுச்சொல் செய்வது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘அக்ரோனிம்’ என்ற பெயரே 1940-களில் பரவியதுதான். கோல்ஃபோ 1457-லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தடை போட்ட விளையாட்டு. தேதியைப் பக்கத்தில் வைத்தாலே கதை தானாக விழுந்துவிடும்.

பழைய புத்தகங்களில் நீங்களே தேடுங்கள்

எனக்கு இதுதான் பிடித்த கட்டம், இரவு இரண்டு மணி வரை போய்விடும். கூகுள் புக்ஸிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, வருட வரம்பு வைத்துத் தேடுங்கள். இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. 1800-க்கு முந்தைய அச்சில் ‘எஸ்’ எழுத்து நீளமாக, ‘எஃப்’ போலவே இருக்கும், கணினி அதை ‘எஃப்’ என்றே படித்துவிடும். ‘பெஸ்ட்’ என்பது ‘பெஃப்ட்’ என்று பதிவாகியிருக்கும். ஆகவே உங்கள் சொல்லில் ‘எஸ்’ இருந்தால் ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடுங்கள். இரண்டாவது பள்ளம் பத்திரிகைகள். ஒரு இதழ் 1850-இல் தொடங்கியிருந்தால் அதன் 1920-ஆம் வருடத் தொகுதிக்கும் சில சமயம் 1850 என்றே போட்டு வைத்திருப்பார்கள். ‘ஆக்ஸ்ஃபோர்டையே முந்திவிட்டேன்’ என்று குதிப்பதற்கு முன்னால் பக்கத்தைத் திறந்து, அதில் கார் ஓடுகிறதா என்று பாருங்கள். நான் ஒருமுறை குதித்திருக்கிறேன். அடுத்த பத்தியில் ஏரோபிளேன் பறந்தது.

அகராதியும் பொய் சொல்லும்

‘அப்ரிசிட்டி’ என்ற அழகான சொல்லை இப்போது நிறையப் பேர் பகிர்கிறார்கள், குளிர்காலத்து வெயிலின் இதம் என்று பொருள். அது ஹென்றி காக்கரம் 1623-இல் வெளியிட்ட அகராதியில் இருப்பது. ஆனால் அந்தக் காலத்து மக்கள் அதைப் பேசியதற்கோ எழுதியதற்கோ சான்று தேடினால் கிட்டத்தட்ட ஒன்றும் அகப்படாது. லத்தீன் சொல்லை எடுத்து ஆங்கில வால் ஒட்டிப் பட்டியலில் சேர்ப்பது அக்கால அகராதிக்காரர்களின் வழக்கம். அதாவது, பழைய ஆங்கிலேயர்கள் மார்கழி வெயிலில் நின்று ‘ஆகா, அப்ரிசிட்டி!’ என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

‘டோர்டு’ அதைவிட மோசம். 1934-இல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பில், அடர்த்தி என்ற பொருளில் இந்தச் சொல் இருந்தது. உண்மையில் நடந்தது இதுதான்: ‘டி’ எழுத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ எழுதினால் அது டென்சிட்டியின் சுருக்கம் என்று ஒரு சீட்டு எழுதப்பட்டது. ‘டி ஆர் டி’, அதாவது ‘டி அல்லது டி’. அது சுருக்கங்களின் கட்டுக்குப் போகாமல் சொற்களின் கட்டுக்குப் போக, யாரோ இடைவெளியை விழுங்கி ஒரே சொல்லாகச் சேர்த்துவிட்டார்கள். 1939-இல் அந்த அகராதியின் ஆசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். எப்படித் தெரியுமா? அந்தப் பதிவில் சொற்பிறப்பே இல்லை, அது அவர் கண்ணை உறுத்தியது.

அதற்காகச் சொற்பிறப்பு போட்டிருந்தால் நம்பிவிடலாம் என்றும் இல்லை. 2001-இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதியில் ‘எஸ்குவிவேலியன்ஸ்’ என்று ஒரு சொல், தன் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்று பொருள், பிரெஞ்சிலிருந்து வந்திருக்கலாம் என்ற குறிப்புடன். முழுக்க முழுக்க அவர்களே இட்டுக்கட்டியது. மற்ற அகராதிகள் காப்பியடித்தால் பிடிபட வேண்டும் என்று வைத்த பொறி. பொறி என்பதும் நான்கு வருடம் கழித்து வெளியே தெரிந்துவிட்டது. ஆக, ஓர் அகராதியில் இருப்பது சாட்சி அல்ல, அகராதிக்கு வெளியே ஒரு மனிதர் அந்தச் சொல்லை இயல்பாக எழுதியிருப்பதுதான் சாட்சி.

நம் பக்கத்துச் சொல் என்றால்

இந்தியாவிலிருந்து போன சொற்களுக்கு ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதி இருக்கிறது. ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல்லும் தொகுத்து 1886-இல் வந்தது, பர்னெல் அதற்கு முன்பே 1882-இல் இறந்துவிட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பக்கத்திலேயே தமிழ் லெக்சிகனும் இருக்கிறது. ‘மல்லிகடானி’ மிளகுத்தண்ணீர், ‘செரூட்’ சுருட்டு, இவை பலருக்கும் தெரிந்தவை. ‘கானிகோபொலி’ என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், கிரேக்க நகரத்தின் பெயர் போலத் தெரியும். சத்தமாக இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். கணக்குப்பிள்ளை.

ஆனால் இங்கேதான் நமக்கு வேகத்தடை தேவை. ‘ஒன்றுதான் ஒன், எட்டுதான் எயிட்’ என்று வரும் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேதியை வையுங்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ஒன்’ என்பது ‘ஆன்’. முன்னால் வரும் ‘வ’ ஓசை பல நூற்றாண்டு கழித்து ஏறியது, ‘அலோன்’, ‘ஓன்லி’ என்ற சொற்களுக்குள் அந்த ஓசை ஏறாத ‘ஓன்’ இன்னமும் இருக்கிறது. ‘எயிட்’ பழைய ஆங்கிலத்தில் ‘எயஹ்டா’, லத்தீனில் ‘ஆக்டோ’. நடுவில் ‘க’ சாயல் உள்ள ஓசை. நம் எட்டின் வேரோ ‘எண்’, எண்பதிலும் எண்ணூறிலும் அது தெரிகிறது. இரண்டும் பின்னோக்கிப் போகப் போக விலகுகின்றன. உறவு இருந்தால் நெருங்க வேண்டும் இல்லையா. தமிழுக்குப் பெருமை சேர்க்கக் கானிகோபொலி இருக்கிறது, இது வேண்டாம்.

ஒரு சொல்லை முழுதாகத் தேடிப் பார்ப்போம்

‘டாட்ரி’ என்ற சொல். மலிவான பளபளப்பு, ஜிகினா வேலை என்று பொருள். கிடைக்கும் கதை இது: ஆட்ரி என்ற புனிதையின் பெயரில் நடந்த திருவிழாச் சந்தையில் விற்ற கழுத்துப்பட்டு ‘செயின்ட் ஆட்ரிஸ் லேஸ்’, அதுதான் நாளடைவில் டாட்ரி. கேட்டதும் என் கை சந்தேகப் பட்டனுக்குப் போகிறது, அவ்வளவு அழகாக இருக்கிறது.

சரி, படிப்படியாகப் போவோம். பிரித்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது, லத்தீன் துண்டு எதுவும் இல்லை. அகராதிக்குப் போனால் 16-ஆம் நூற்றாண்டில் ‘டாட்ரி லேஸ்’ என்று இரண்டு சொல்லாக வருகிறது, 17-ஆம் நூற்றாண்டில் லேஸ் உதிர்ந்து டாட்ரி மட்டும் நிற்கிறது, அதற்குப் பிறகுதான் ‘மட்டமான’ என்ற பொருள். நல்ல அறிகுறி, துணி முதலில் வந்திருக்கிறது, வசவு பிறகு. ஆட்ரி உண்மையில் இருந்தவரா? எத்தல்திரித் என்ற அரசி, ஈலி என்ற ஊரில் மடம் நிறுவியவர், 679-இல் இறந்தார், ஆட்ரி அவர் பெயரின் தேய்ந்த வடிவம். கழுத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? பீட் என்ற துறவி 8-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்: ஆட்ரிக்குத் தாடைக்குக் கீழே கட்டி வந்தது, இளவயதில் கழுத்து நிறைய மாலை அணிந்ததற்குத் தண்டனை என்று அவரே சொன்னாராம். ஈலியில் அவர் பெயரில் அக்டோபர் மாதம் சந்தை கூடியதும் உண்மை.

மீதி இருப்பது அந்த ‘ட’. செயின்ட் என்பதன் கடைசி எழுத்து அடுத்த சொல்லின் தலையில் ஏறியிருக்கிறது. இது ஒரே ஒருமுறை நடந்திருந்தால் நம்ப மாட்டேன். ஆனால் லண்டனில் டூலி ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது, அது செயின்ட் ஓலாவ் என்ற பெயரிலிருந்து அதே வழியில் வந்தது. புணர்ச்சி விதி படித்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆக, இந்தக் கதை நிற்கிறது. என் நோட்டில் பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதிய சில சொற்களில் இது ஒன்று.

எழுத்து ஏறுவது போல இறங்குவதும் உண்டு. ‘ஏப்ரன்’ முன்பு ‘நேப்ரன்’, ‘ஆடர்’ என்ற பாம்பு முன்பு ‘நாடர்’. ‘எ நேப்ரன்’ என்று சொல்லச் சொல்ல அது ‘ஆன் ஏப்ரன்’ என்று காதில் விழுந்து, ‘ந’ முன்சொல்லோடு போய்விட்டது. இப்போது நீங்கள் தொடங்கலாம். கிரிக்கெட்டில் தினமும் கேட்கும் ‘அம்பயர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் தலையிலும் ஒரு ‘ந’ இருந்தது. அதைத் திரும்ப ஒட்டி, பிரெஞ்சுப் பக்கம் திரும்பி, எத்தனை பேர் ஆடும் ஆட்டத்தில் இவர் எத்தனையாவது ஆள் என்று யோசித்துப் பாருங்கள்.